வந்த நிலை

ஜூன் 3, திங்கள்

காலையில் முதல் வேலையாகச் சுவரைப் பார்த்து நின்று, குண்டில்லாத ரிவால்வரின் விசையை இருபது முறை இழுத்தேன். பல் தேய்ப்பதற்கும் முன்னால். சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறேன். பொட்டு அசையாமல் விசை மட்டும் அசைய வேண்டும். அதுதான் பயிற்சி.

விசை சொரசொரவென்று வருகிறது. பாதி வழியில் ஒரு முறை தயங்குகிறது, பிறகு சட்டென்று விடுகிறது. மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி ஜூலை ஆறாம் தேதி. இந்த விசையோடு போனால் எதையும் அடிக்க முடியாது. நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துச் சரி செய்ய வேண்டும்.

கீழ் வீட்டில் அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என் முதல் 'க்ளிக்' கேட்டதும் துருவும் சத்தம் நின்றது. இருபதும் முடியும் வரை மறுபடி தொடங்கவில்லை. இந்த ஒரு வருடமாக இப்படித்தான். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

ரிவால்வர் அண்ணனுடையது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தம் செய்யும்போது எதிர்பாராமல் வெடித்தது என்று காவல்துறை எழுதி முடித்தது. அது நீதிமன்றத்திலிருந்து திரும்பி வரவும், லைசென்ஸ் என் பெயருக்கு மாறவும் மூன்று வருடம் அலைந்தேன். ஏன் அலைந்தாய் என்று கேட்பவர்களிடம், நல்ல ரிவால்வர், வீணாகக் கூடாது என்று சொல்கிறேன்.

குழாயில் இன்று தண்ணீர் வந்தது. எட்டு குடம்.

ஜூன் 5, புதன்

ஆபீஸிலிருந்து நேராகச் சுடும் ரேஞ்சுக்குப் போனேன். கிளப் செயலாளர் ரங்கநாயகம் இரண்டு முறை விசையை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்குதுங்க. ஸ்டேஷன் ரூம்ல இத்தன நாள் கெடந்ததில்லீங்ளா. பத்மநாபன்கிட்டக் குடுத்துருங்க. நம்ம கிளப்புல முக்காவாசிப் பேர் அவருகிட்டத்தான். காலைல குடுத்தா சாயங்காலம் கைல. ஒரு கேள்வி கேக்க மாட்டாரு."

"வேறு யாரும் இல்லையா?"

"திண்டுக்கல்ல ஒருத்தர் இருக்காருங்க. சவரிமுத்துன்னு. பட்டாளத்துல ஆர்மரரா இருந்தவரு, துப்பாக்கி ரிப்பேர்தான் வேலையே. சுத்தமான கை. ஆனா தொல்ல புடிச்ச மனுஷன். துப்பாக்கி எந்த நெலைல வந்துச்சுன்னு பெரிய நோட்டுல எழுதி, அதைப் படிச்சுக் காட்டி, உங்க கையெழுத்த வாங்காம ஸ்க்ரூ ட்ரைவரையே தொட மாட்டாரு. நானே ஒருக்கா கோவிச்சுட்டு வந்துட்டனுங்க. யாரு முன்னாடி இதைக் கெடுத்ததுன்னு எல்லாங் கேப்பாரு."

பத்மநாபன்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன். திண்டுக்கல் போய்வர ஒரு நாள் வீண்.

ஜூன் 6, வியாழன்

மாவு புளித்துவிட்டது. பத்மநாபன் சனிக்கிழமை வரச் சொன்னார்.

ஜூன் 8, சனி

பத்மநாபனின் கடை ஏசி போட்ட கடை. அவருக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சும் கையும் ஒரே வேகம். குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தினார்.

"இந்த ஹேமரே வேண்டாங்க மேடம். புதுசு ஒண்ணு மாத்திர்றேன். விசைய இழுக்கற கனம் ஒன்னே கால் கிலோல உக்காந்துரும். போட்டில எடை கட்டிப் பாக்கறப்ப தைரியமா நிக்கலாம்."

"பழைய ஹேமர்?"

"அது எதுக்குங்க? குப்பைல போட்டுருவோம்."

பேசிக்கொண்டே கட்டைவிரலை ஹேமரின் முதுகில் வைத்தார். "வேண்டாம்" என்றேன். என் குரல் கடைக்கு அதிகம். வெளியே நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

எல்லா ரிப்பேர்காரர்களும் செய்கிற சோதனைதான் அது. ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தியதும், அதன் அடியில் உள்ள காடி என்கிற சின்ன வெட்டு ஒன்றில் விசையின் மூக்கு மாட்டிக்கொள்கிறது. ரோமத்தின் அகலம்தான் அந்தக் காடி. அது ஒழுங்காக இருந்தால் விசையை இழுத்தால்தான் ஹேமர் விழும். கெட்டுப்போயிருந்தால், விசையைத் தொடாமலே, ஒரு தள்ளலில், ஒரு அதிர்வில் விழுந்துவிடும். குண்டு உள்ளே இருந்தால் வெடிக்கும். அதனால் விரலால் தள்ளிப் பார்ப்பார்கள்.

இந்த ஒரு வருடத்தில் அந்தச் சோதனையை மட்டும் நான் செய்ததில்லை. தேவைப்படவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று ரிவால்வரைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் தையல்காரரிடம் இரண்டு ரவிக்கை வாங்க வேண்டியிருந்தது. மறந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இளமதி போன் செய்தாள். அண்ணனின் ஒரே மகள். பெங்களூரில் கடைசி வருடம் படிக்கிறாள். அம்மாவிடம் பேசுவதைவிட என்னிடம்தான் அதிகம் பேசுவாள். ஆனால் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது.

"அத்தை, நீங்க போட்டிக்குப் போறீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதே துப்பாக்கிலயா?"

"ஆமா."

பின்னால் பேருந்து ஒலிப்பான் கேட்டது.

"விபத்துன்னு நீங்க நிஜமாவே நம்பறீங்களா அத்தை?"

போலீஸ் அறிக்கையில் இருப்பதைச் சொன்னேன்.

"அதை நானும் படிச்சேன். உங்களக் கேட்டேன்."

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கர் இல்லை.

அண்ணன் அவளைத் துப்பாக்கி சுடும் வீராங்கனையாக்க நினைத்தார். பன்னிரண்டு வயதிலிருந்து ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவள் இனி வர மாட்டேன் என்று சண்டை போட்டாள். பதினொரு மணிக்கு அவர் இல்லை. இந்த இரண்டு மணி நேரத்தை அவள் நான்கு வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறாள். தன்னால்தான் அப்பா அப்படிச் செய்துகொண்டார் என்று நினைக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி அதை என்னால் இறக்கி வைத்துவிட முடியும். அந்த வார்த்தை உண்மையா என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 12, புதன்

ஆபீஸில் இன்று நாற்பது பம்ப் ஷாஃப்டுகளைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடுதல். ஃபோர்மேன் துரைக்கண்ணு கெஞ்சினார்.

"ரெண்டு பாயிண்டுதானுங்க மேடம். யாரு பாக்கப்போறா?"

"நான் பார்த்துவிட்டேனே."

"உங்க கண்ணுல எண்ணெய ஊத்த" என்று சிரித்துக்கொண்டே தள்ளுவண்டியை எடுத்துப் போனார்.

பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து இருபத்து மூன்று வருடமாக இதே தரப் பரிசோதனை அறை. மைக்ரோமீட்டர் இல்லாமலே விரலால் தடவி மேடு பள்ளம் சொல்வேன். அந்தத் திமிரில்தான் செய்தேன். எழுதிவிடுகிறேன்.

அண்ணன் இறப்பதற்கு முந்தைய வியாழக்கிழமை அவர் திருப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நானும் அவர் பக்கத்தில் நின்று அதே ரிவால்வரில்தான் சுட்டுப் பழகினேன். எனக்கு விசை கனமாக இருக்கிறது, கொஞ்சம் இலகுவாக்கித் தாருங்கள் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அம்மிணி, கையைப் பழக்கு, விசையைப் பழக்காதே" என்று தள்ளிக்கொண்டே வந்தார். பீரோ சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஆபீஸிலிருந்து ஒரு சாணைக்கல் கொண்டுவந்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி, ஹேமரை எடுத்து, அந்தக் காடியை நான்கைந்து இழுப்பு தேய்த்தேன். திருப்பி மாட்டியபோது விசை வெண்ணெய் போல வந்தது. சந்தோஷமாக இருந்தது. தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. அவரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு ரேஞ்சில் அவரே கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன்.

இதை எந்தப் போலீஸிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பத்மநாபன் புது ஹேமர் போட்டால் நான் தேய்த்த காடி குப்பைக்குப் போகும். அது அவரைக் கொன்றதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் அது. சவரிமுத்துவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வரச் சொன்னார். "லைசென்ஸ் மறக்காமக் கொண்டாங்க. கண்ணாடியும் கொண்டாங்க. நோட்டுல எழுத்து பொடிசா இருக்கும்" என்றார்.

ஜூன் 15, சனி

அண்ணியும் கிளம்பிவிட்டார். காரில் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"நானும் வரேன். ஒட்டன்சத்திரத்துல முருங்கக்கா மலிவா இருக்குமாம்."

தாராபுரம் தாண்டினோம். பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கோயமுத்தூர்ல ஆளே இல்லீன்னா இத்தன தூரம் போற?" என்றார்.

"இவர் நல்ல வேலைக்காரர் அண்ணி."

"வேலைதான் பாக்கோணுமா, வேற ஏதாச்சும் பாக்கோணுமா?"

முன்னால் போன லாரியைத் தாண்டுவதில் கவனமாக இருந்தேன்.

சவரிமுத்துவின் பட்டறை அவர் வீட்டின் முன்னறை. ஐம்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவர் மனைவி ஆரோக்கியம் அண்ணியை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார். சவரிமுத்து லைசென்ஸை வரி விடாமல் படித்தார். ரிவால்வரின் எண்ணைச் சரிபார்த்தார். உருளையைத் திறந்து ஆறு துளையையும் என்னையே எண்ணச் சொன்னார். பிறகு பெரிய நோட்டைத் திறந்து தேதி போட்டு, 'வந்த நிலை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"மொதல்ல இது எப்படி வந்துச்சுன்னு எழுதிருவோம். அப்பறம்தான் வைத்தியம். இல்லாட்டி நாளைக்கு நீங்க நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவீங்க. நான் நீங்கதான்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் போலீஸ் டேசன்ல போயி உக்காந்திருப்போம்."

பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பழைய கிரீஸ் புளிப்பேறிக் கறுப்பாகக் காய்ந்திருந்தது. தூரிகையால் துடைத்து, ஹேமரைத் தனியே எடுத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீண்ட நேரம். உள்ளேயிருந்து அண்ணியின் சிரிப்பு கேட்டது. அது ரொம்ப நாளைக்குப் பிறகு.

"இதுல ரெண்டு கை பட்டிருக்கும்மா" என்றார்.

"ரெண்டா?"

"மொதக் கை தெரியாத கை. கல்லக் கோணலாப் புடிச்சு இழுத்திருக்கு. காடியோட மூலையவே வழிச்சு விட்டிருக்கு. கோவிச்சுக்காதீங்க, யாரு வேலை அது?"

"என்னுது."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அதைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை. நோட்டில் எழுதினார்.

"அப்படியே விட்டிருந்தா ஆபத்து. ஆனா ரெண்டாவது கை அதுக்கு மேல வந்திருக்கு. நீங்க பண்ணின கோணல் முழுசும் போற வரைக்கும் எறக்கி, காடியப் புதுசா வெட்டி, நேர் பண்ணி, கடைசியா மெருகு குடுத்திருக்கு. அவசரமே படாத கை. பாருங்க, மேல மட்டும் உங்க கீறல் ரெண்டு மிச்சம் இருக்கு. வேலைக்கு எடைஞ்சல் இல்லைன்னு விட்டிருக்கான். யாரு அந்த ஆளு?"

"தள்ளிப் பாருங்கள்" என்றேன்.

பாகங்களை மாட்டி, ஹேமரை இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் தள்ளினார். நின்றது. பத்து முறை தள்ளினார். பத்து முறையும் நின்றது. என்னிடம் கொடுத்தார். என் கட்டைவிரல் வெளுக்கும் வரை தள்ளினேன். மர மேசையில் ஒரு ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டிக் காட்டினார். நின்றது.

"நான்கு வருடத்துக்கு முன்னாலும் இப்படி நின்றிருக்குமா?"

"இரும்பு வளராதும்மா. தேயத்தான் தேயும். இன்னிக்கு நிக்குதுன்னா அன்னிக்கு இன்னும் நல்லாவே நின்னிருக்கும்."

"தானாக விழுந்திருக்க முடியாது?"

லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாராச்சும் விசைய இழுத்தாத்தான் விழும்."

பிறகு அழுக்கை எல்லாம் கழுவி எண்ணெய் போட்டார். அவ்வளவுதான் செய்தார். விசை இப்போது நான் அன்று வியாழக்கிழமை நினைத்ததைவிட நன்றாக வருகிறது. தயக்கம் இல்லை. தராசில் ஒன்னே கால் கிலோ. "இதுக்கு மேல நான் கல்ல வச்சேன்னா மூணாவது கையாயிரும். வேணாம். இந்த ஆளு உசுரோட இருந்தா அவர்கிட்டயே குடுங்க இனிமே" என்றார்.

நோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் தந்தார்.

திரும்பும்போது ஒட்டன்சத்திரத்தில் இரண்டு கட்டு முருங்கைக்காய் வாங்கினோம். கார் கிளம்பியதும் அண்ணி கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"அழுக்குன்னு சொன்னார் அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

"அழுக்கு" என்று அண்ணி ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பல்லடம் வரை கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று பயிற்சி இல்லை. கீழே தேங்காய் துருவும் சத்தம் நிற்காமல் கேட்டது.

ஜூன் 19, புதன்

நான் கொல்லவில்லை. நான்கு வருடமாக இதைத் தெரிந்துகொள்ளத்தான் பயந்தேன். தெரிந்த பிறகு நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்திருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளி மாலை அண்ணன் திருப்பூரிலிருந்து வந்தார். சனிக்கிழமை மதியம் அவர் மேசையில் துணி விரித்து உட்கார்ந்திருந்ததை மாடிப்படியில் இறங்கும்போது பார்த்தேன். ரிவால்வர் பிரித்துக் கிடந்தது. வழக்கமான சுத்தம் என்று நினைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "அளவு தெரிஞ்ச கைக்கு அவசரம் ஆகாது அம்மிணி" என்றார். சுடும்போது நான் அவசரப்படுவதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சரி என்று சொல்லிவிட்டுக் காய்கறிக் கடைக்குப் போனேன்.

திட்டவில்லை. அண்ணியிடம் சொல்லவில்லை. நான் கெடுத்ததை உட்கார்ந்து சரி செய்து, மெருகு கொடுத்து, துடைத்து, பூட்டி வைத்தார். சனிக்கிழமை சுத்தம் செய்து பூட்டியதை ஞாயிற்றுக்கிழமை எதற்காக மறுபடி எடுத்தார் என்பதை நான் எழுதப் போவதில்லை.

காஸ் புக் செய்தேன்.

ஜூன் 22, சனி

இளமதி வந்திருக்கிறாள். முன்னறிவிப்பே இல்லை. காலை ரயிலில் வந்து, கீழ் வீட்டுக்குள் போகாமல் நேராக மாடிக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள். அண்ணி மேலே வந்து அவள் தலையைத் தொட்டுவிட்டு, "இட்லி ஊத்தறேன் கண்ணு, வா" என்றார். "வரேம்மா" என்றாள். போகவில்லை. அண்ணி தட்டை மாடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மதி தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். இட்லியைப் பிட்டுப் பிட்டு உதிர்த்தாள்.

"நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னு அம்மாக்கே தெரியாது அத்தை. ரேஞ்சுக்கு வரலைன்னு மட்டும்தான் எல்லாருக்கும் சொன்னேன்."

"வேற என்ன சொன்னே?"

"உங்களுக்கு அந்தத் துப்பாக்கிதான் மகள், அதையே கூட்டிட்டு எங்கியாவது போய்த் தொலைங்கன்னு சொன்னேன். அப்பா சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, சரி சாமின்னாங்க."

நான் தட்டை வாங்கி வைத்தேன்.

"நான் இப்ப யார்கிட்டயும் சண்டையே போடறதில்ல. ரூம்ல என் சட்டையக் கேக்காம எடுத்துப் போடறாங்க, பேசாம இருக்கேன். ஒருத்தன் என்கிட்ட ரொம்பக் கேவலமாப் பேசினான், அவன்கிட்டயும் சரின்னேன். வாயத் தொறந்தா யாருக்காவது ஏதாவது ஆயிருமோன்னு இருக்கு. சிரிக்காதீங்க."

"சிரிக்கலையே."

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அப்பாவா, துப்பாக்கியா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல. யாராவது ஒருத்தர் தெரிஞ்சு சொன்னாப் போதும்."

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் என் அலமாரி. அதில் மேல்தட்டில் சவரிமுத்து கொடுத்த நகல் மடித்து இருந்தது. 'விசையை இழுக்காமல் ஹேமர் விழாது. சோதித்தது பத்து முறை. உரிமையாளர் முன்னிலையில்.' கீழே என் கையெழுத்து.

"தெரியலையே கண்ணு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றாள். அந்தச் 'சரி'யைக் கேட்க முடியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மதி மத்தியானப் பேருந்தில் போனாள். அண்ணி முறுக்கு கட்டிக் கொடுத்தார். பேருந்து நகர்ந்த பிறகும் அண்ணி அங்கேயே நின்றார். "உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு வேண்டாம். எது தெரிஞ்சாலும் எனக்கு அவரு வரப் போறதில்ல. அவளுக்குன்னு ஏதாச்சும் இருந்தாச் சொல்லிரு சந்திரிகா."

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். ரவிக்கை இரண்டும் தைத்து வந்துவிட்டன. ஒன்று கை இறுக்கம்.

நகலைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். திண்டுக்கல்லில் நோட்டு இருக்கிறது. அங்கே போய் யாரும் படிக்கப் போவதில்லை.

நாளை காலை பத்து மணிக்குப் பத்மநாபனின் கடை திறக்கும். புது ஹேமர் போடச் சொல்லப் போகிறேன். பழையதைக் கேட்டு வாங்க மாட்டேன். அண்ணன் கடைசியாக நேர் செய்த அந்தக் காடி மற்ற இரும்புத் துண்டுகளோடு குப்பையில் போகும். போகட்டும். யாரும் எடுத்துத் தள்ளிப் பார்க்க அது இருக்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை பெங்களூருக்குப் போகிறேன். மதியிடம் வியாழக்கிழமையைச் சொல்வேன். பீரோ சாவி, சாணைக்கல், கோணல், எல்லாவற்றையும். அதுவரை எல்லாம் உண்மை. அதற்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியம் சேர்ப்பேன்: அது நிற்கவில்லை, தானாக விழுந்தது, ரிப்பேர்காரர் பார்த்துச் சொன்னார். அப்பா உன்னால் போகவில்லை, என்னால் போனார். சனிக்கிழமை மதியத்தை மட்டும் சொல்ல மாட்டேன்.

நம்புவாள். என் கை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆபீஸில் இரண்டு பாயிண்டுக்குச் சண்டை போடுகிறவள், தெரியாத ஒன்றில் போய்க் கை வைத்தேன் என்றால் நம்புவாள். அண்ணியிடமும் சொல்வாள். மாடியைக் காலி செய்ய வேண்டி வரலாம். போட்டிக்குப் பெயர் கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு ரங்கநாயகத்திடம் ஒரு காரணம் யோசிக்க வேண்டும்.

மதி கத்துவாள். நான்கு வருடத்துக்கும் சேர்த்துக் கத்துவாள். என்னைத் தொலைந்து போ என்று சொன்னாலும் சொல்வாள். அவள் கத்தியதால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அவளுக்குத் தெரிய, நான் மறுநாள் காலை எழுந்து அவளுக்குப் போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் அதற்கு மறுநாள். இது எதற்காக என்று அண்ணிக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.